இடது கன்னத்துக் காயம்

என்னிடம் தொழில் பழகிய பெண்கள் சிலர் இப்போது பதுளையில் சொந்தமாக சலூன் நடத்துகிறார்கள். கடைக்கு ஆள் வராத நாளில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன கிழமை வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரர் நடுக்காட்டில் உட்கார்ந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு புழுவை மென்றுகொண்டிருந்தார்.

“பாவம்க்கா. மூணு நாளா பட்டினியாம். தொணைக்கு ஒரு ஆளுகூட இல்லையாம்,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

“அடி கூறுகெட்டவளே, தொணைக்கு ஆளு இல்லன்னா இத யாருடி படம் புடிக்கிறா? அந்தப் புழுவோட அண்ணனா?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். கன்னத்தில் அப்பியிருந்த சேறு காது மடலோடு நின்றுவிட்டது. காதுக்குப் பின்னால் சோப்புப் போட்டுக் குளித்த தோல் பளபளத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னதற்காக இல்லை, அரைகுறையாகச் சொன்னதற்காக. அந்த வேலையை நான் பல வருஷம் காதுக்குப் பின்னாலும் சேர்த்துச் செய்தவள். அவளிடமும் அதைச் சொன்னேன்.

“அப்ப ஏன்க்கா விட்டீங்க?” என்று கேட்டாள். நான் எங்கே விட்டேன்? விரட்டினார்கள். அந்தக் கதையை வாயால் சொன்னால் இவள் பாதியில் போனைப் பார்ப்பாள். ஆகவே எழுதுகிறேன்.

நான் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பண்டாரவளையில் ஒரு பறங்கி அம்மாவிடம் அலங்காரம் பழகினேன். புருவம் திருத்தியது, கூந்தல் சுருட்டியது, சுடுநீர்ச் சட்டியைக் கவிழ்த்து அறை வாங்கியது எல்லாவற்றையும் விவரித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும். பழகி முடித்து பதுளையில் கடை போட்டேன். பசறை, லுணுகலை வரைக்கும் கல்யாணப் பெண்கள் என் கைக்குத்தான் வந்தார்கள். வெயிலில் கொழுந்து பறித்துக் கறுத்த பிள்ளையை ஒரு காலை நேரத்துக்குள் வெளுப்பாக்கி மேடையில் உட்கார வைப்பதுதான் என் தொழில். மேடையில் பார்த்த நிறம் மறுநாள் காலை கிணற்றடியில் காணாமல் போகும். ஒரு மாப்பிள்ளையும் என்னிடம் வந்து சண்டை பிடித்ததில்லை. எல்லாரும் தெரிந்தே ஏமாறுகிற காரியம் அது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், கையில் குடையும் தோளில் கேமராவுமாக ஒரு பெரியவர் கடைக்குள் வந்தார். பெயர் பேரின்பநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் காரியாலயத்தில், கிளார்க்காக இருந்து பென்ஷன் வாங்கியவர். காட்டில் தனியாக உயிர் பிழைப்பதாகக் காட்டும் வெளிநாட்டு டிவி நிகழ்ச்சிகளுக்கு ஆள், வண்டி, அனுமதி எல்லாம் ஏற்பாடு செய்துகொடுக்கும் ஒரு கொழும்புக் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார்.

“பிள்ளை, ஒரு ஆளை அழுக்காக்க வேணும். ஏலுமோ?”

“அழுக்காக்கவா? அதுக்கு எதுக்குங்க நான்? ரோட்டுல உருட்டி எடுங்க.”

“உருண்டு பாத்திட்டார். சொறி வந்திட்டுது. இரவிரவா நித்திரை இல்லையாம்.”

சிரிப்பை அடக்க முடியாமல் சீப்பைக் கீழே போட்டேன். அவர் சிரிக்கவில்லை. குடையை மூலையில் சாத்திவிட்டு, பதிலுக்காகக் காத்து நின்றார். அப்படித்தான் நான் அந்தத் தொழிலுக்குள் போனேன்.

நிகழ்ச்சியின் நாயகரை வருஷா வருஷம் மாற்றுவார்கள். நான் சொல்லப்போவது கடைசியாக வந்தவரைப் பற்றி. ஆறடி உயரம், நல்ல சிவப்பு, பல்லெல்லாம் விளம்பரத்துக்குச் செய்தது மாதிரி இருக்கும். கத்தி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாதம் காட்டில் வாழ்வதாகக் கதை. வாழ்ந்தது பண்டாரவளையில் சுடுதண்ணி வருகிற ஹோட்டலில். காலையில் முட்டை, ரொட்டி, பழம் எல்லாம் முடித்துக்கொண்டு ஜீப்பில் வந்து இறங்குவார். தோட்டத்துச் சனம் பெரிய தொரை, சின்ன தொரை என்று இரண்டு தொரைகளைத்தான் பார்த்திருந்தது. இவருக்குக் காட்டுத்தொரை என்று பெயர் வைத்தது.

காடு என்று அவர்கள் காட்டியது பசறை ரோட்டுக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்தின் கைவிட்ட மலை. மலை என்றால் இங்கே தேயிலை நட்ட ஒரு துண்டு நிலம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது இடுப்பளவில் நிற்காது. வளர்ந்து மரமாகிவிடும். கொடி படர்ந்து, பாசி பிடித்து, உள்ளே நுழைந்தால் ஆதி காலத்துக் காடு போலவே இருட்டும். கேமராவை இந்தப் பக்கம் வைத்தால் அடர்ந்த வனம். ஒரு முழம் அந்தப் பக்கம் திருப்பினால் பெக்டரி, கோயில், லயத்துக் கொடியில் காயும் பாவாடை. காட்டுத்தொரை நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கும்போது பெக்டரிச் சங்கு ஊதும். அவர் அம்மாவை நினைத்து அழும்போது பசறை பஸ்காரன் வளைவில் ஹோர்ன் அடிப்பான். சத்தம் பதிவு செய்கிற பையன் காதில் மாட்டியதைக் கழற்றி வீசிவிட்டு, ஒரு பாஷை விடாமல் எல்லா பாஷையிலும் திட்டுவான்.

என் வேலைக்கு வருகிறேன். சேற்றை நான் தகர டின்களில் வைத்திருந்தேன். முதல் நாள் சேறு இளஞ்சிவப்பு, லேசாகத் தூவினால் போதும். சில நாள் போன சேற்றுக்கு லுணுகலை ரோட்டில் மண் சரிந்த இடத்துச் செம்மண். பல நாள் சேற்றுக்கு வயல் மண்ணும் அடுப்புக்கரியும். எல்லாவற்றையும் துணியில் சலித்து, கொதிக்க வைத்து, ஆற வைத்து, கடலை மாவும் பன்னீரும் சேர்த்துக் குழைப்பேன். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பார்த்துச் செய்ததில்லை. தொரைக்குச் சொறி வந்தால் கம்பெனிக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

தாடிதான் பெரிய தலைவலி. அவர் தினமும் சவரம் செய்துகொள்வார். ஹோட்டலில் யாரோ ஒரு பெண்ணுக்காக என்று பேச்சு. ஆகவே முகத்தில் பசை தடவி, பொடித் தேயிலையை ஊதி ஊதி ஒட்டுவேன். தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் தாடி. மழை பெய்தால் மட்டும் சாயம் இறங்கும். ஒரு தடவை அவர் கொட்டும் மழையில் வானத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, தாடையிலிருந்து சட்டைக்குள் பிளேன்டீ ஒழுகியது. கொழுந்துப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அந்தக் காட்சியை மறுபடி எடுத்தார்கள்.

அட்டைக் கதையை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் மலைகளில் அட்டைக்குப் பஞ்சமா? ஆனால் தொரையை உண்மையான அட்டை கடிக்கக்கூடாது, அவர் மட்டும் அட்டையைப் பிடித்துத் தின்ன வேண்டும் என்றார்கள். யோசித்தேன். பதுளை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் நல்ல கறுத்த தொதல், அல்வா மாதிரி இழுபடுகிற இனிப்பு, கிடைக்கும். வாங்கி வந்து விரல் நீளத்துக்கு உருட்டி, தேங்காயெண்ணெய் தடவி, அவர் காலில் ஒட்டிவிட்டேன். அவர் ஒன்றைப் பிய்த்து, உடம்பெல்லாம் நடுங்க, வாயில் போட்டார். முகத்தில் அப்படியொரு வேதனை. டைரக்டர் கைதட்டினார். தொரை மட்டும் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். அப்புறம் இன்னொரு தடவை. கடைசியில் காலில் ஒட்டியிருந்ததெல்லாம் தீர்ந்து, என் டப்பாவைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்தக் கூத்தையெல்லாம் கோர்வையாக வைத்திருப்பதுதான் பேரின்பநாயகம் ஐயாவின் வேலை. ஒரே நாளில் முன்னதும் பின்னதுமாக எடுக்கும் காட்சிகளில் சேறும் காயமும் கிழிசலும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய கேமரா உடனே படத்தைக் கக்கும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிய கயிற்றில் துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டிவிடுவார். காட்டுக்குள்ளும் இஸ்திரி போட்ட கால்சட்டை, மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டையால் அவர் வியர்வை துடைத்து நான் பார்த்ததில்லை. அதை வைத்திருப்பதே ஒரு ஒழுங்கு.

“பிள்ளை, உந்தக் கீறல் நேற்று இரண்டு விரல் மேலை எல்லே இருந்தது?” என்பார்.

“யாருங்க ஐயா அதப் பாக்கப்போறா?”

“நான் பாக்கிறன். பொய் எண்டாலும் ஒழுங்காச் சொல்ல வேணும்.”

நான் அழித்துவிட்டு மறுபடி போடுவேன். அவர் விரலால் அளந்து பார்த்து, தலையை ஆட்டி, படம் எடுப்பார். மனுசன் ஒரு நாள்கூட என்னை அதட்டியதில்லை. ஆனால் அவர் “ம்” என்று சொல்லும் வரைக்கும் நான் தூரிகையைக் கீழே வைக்கமாட்டேன்.

கைவிட்ட மலைக்கு அடுத்த மலையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மனுசரே இல்லாத காட்டில் தலைகள் தெரிந்தால் எப்படி? அதற்கு டைரக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மேட்டில் ஒரு ஆள் கொடியோடு நிற்பான். சிவப்புக் கொடி நாட்டினால் பெண்கள் எல்லாரும் தேயிலைக்குள் குந்த வேண்டும். பச்சைக் கொடி வந்தால் எழும்பிப் பறிக்கலாம். தோட்டத்து நிர்வாகமும் ஒத்துக்கொண்டது. சிவப்புக்கு எழும்புகிறவளுக்கு அரைப்பேரு, அதாவது அரை நாள் சம்பளம்தான், என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பெண்களில் லெட்சுமி என்று ஒருத்தி. அவள் கல்யாணத்துக்கு நான்தான் அலங்காரம் செய்தேன். அவள் முகம் என் கைக்குத் தெரியும். இடது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம், அதை மறைக்க வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவள். வாய் சும்மா இருக்காது. கூடையோடு எங்களைத் தாண்டிப் போகும்போது நிற்பாள்.

“என்னக்கா, அன்னைக்கு என்னய வெளுக்க வச்சீங்க. இன்னைக்கு இவரக் கருக்க வைக்கிறீங்க. ஒங்களுக்கு யாரையும் இருக்கிறபடி விடத் தெரியாதா?”

“போடி. வேலையப் பாரு.”

“எங்கக்கா பாக்குறது? குந்தறதும் எழும்புறதுமா நேரம் போகுது. மனுசரே இல்லாத காடு வேணும்னா மனுசரே இல்லாத எடத்துக்குப் போறதுதான? எங்கள ஏன் தவக்கள மாதிரி குந்த வைக்கிறாங்க?”

பேரின்பநாயகம் ஐயாவுக்கு அவள் பேச்சு பிடிக்கும். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி அந்த நாள். தொரை ஒரு பாறையிலிருந்து விழுந்து முகம் கிழிந்ததாகக் காட்ட வேண்டும். அன்று காலை நான் போட்ட காயம்தான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த நல்ல வேலை. கோதுமை மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் பிசினோடு பிசைந்து, இடது கன்னத்தில் கிழிந்த சதை போலத் தூக்கி ஒட்டினேன். ஓரங்களை மெல்லிய காகிதத்தால் தோலோடு தோலாக இழைத்தேன். இடது கண் இமைக்கு மேல் பஞ்சு வைத்து, அதே மாவால் மூடி, கண் வீங்கி அடைத்த மாதிரி செய்தேன். பீட்ரூட் சாற்றில் கித்துள் பாணி, அந்தக் கறுத்த பாகு, கலந்தால் இரத்தம் உறைந்து வரும். அதைத் தடவினேன். முடித்தபோது சத்தம் பதிவு செய்கிற பையன் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். அதைவிட ஒரு கலைஞிக்கு வேறு என்ன வேண்டும்?

ஐயா வந்து பார்த்தார். “ம்,” என்றார். கேமராவில் படத்தாள் தீர்ந்திருந்தது. புதியதை ஜீப்பிலிருந்து எடுத்து வர ஆள் அனுப்பினார். அதற்குள் டைரக்டர் அவசரப்பட்டார். வெயில் போய்விடுமாம். விழுகிற காட்சியை எடுத்தாயிற்று, அடுத்தது தேன்.

காயம்பட்டு, பசியோடு தவழ்ந்து வரும் நாயகர் மரத்தில் ஒரு தேன்கூட்டைக் கண்டு, புகை போட்டு, தேன் எடுத்து உயிர் பிழைக்க வேண்டும். தேனடை பதுளைச் சந்தையில் வாங்கியது. கம்பியால் மரத்தில் கட்டியிருந்தது. அதில் ஒரு தேனீகூட இல்லை. ஆனால் அந்த மரத்துக்குப் பின்னால், இரண்டு மலைக்கும் நடுவில் நின்ற பெரிய மரத்தின் உச்சியில் உண்மையான குளவிக்கூடு இருந்தது. அது தோட்டத்துக்கே தெரியும். காலையிலேயே லெட்சுமி என்னிடம் வந்து, “அக்கா, பொக போடப் போறாங்களாமே, மேல குளவி இருக்கு, சொல்லிருங்க,” என்றாள். நான் ஐயாவிடம் சொன்னேன். ஐயா டைரக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். டைரக்டர் அண்ணாந்து பார்த்தார். அது படத்துக்குள் வராது, பரவாயில்லை என்றார்.

சிவப்புக் கொடி நாட்டினார்கள். பெண்கள் குந்தினார்கள். தொரை ஈரச் சருகில் புகை மூட்டினார். காற்று குளவி மரத்துப் பக்கம் போனது.

முதலில் ஒரு இரைச்சல் கேட்டது, லொறி ஏறி வருகிற மாதிரி. “குளவி கலைஞ்சிருச்சு!” என்று யாரோ கத்தினார்கள். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கொடிக்காரன் ஓடிவிட்டான். அவனுக்கு முன்னால் தொரை ஓடிக்கொண்டிருந்தார். அடிபட்டுத் தவழ்ந்தவர் தாண்டிய தாண்டலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படக்காரர்களின் வேனுக்குள் ஏறி, கண்ணாடியை மூடி, உள்ளே பூட்டிக்கொண்டார். டைரக்டர் வெளியே நின்று தட்டினார், தொரை திறக்கவில்லை. பாவம், அத்தனை நாளில் அவர் நடிக்காமல் செய்தது அது ஒன்றுதான். அதைப் படம் பிடிக்க ஆள் இல்லை.

அடுத்த மலையில் சிவப்புக் கொடி நாட்டியபடியே நின்றது.

கொட்டு வாங்கிய பெண்கள் எழும்பி ஓடினார்கள். லெட்சுமி கொடியைப் பார்த்துக்கொண்டு குந்தியே இருந்திருக்கிறாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு, பச்சை வரும் என்று காத்திருக்கிறாள். அவளுக்கு முந்தின கிழமைதான், தாடி கரைந்தபோது சிரித்ததற்காக, அரைப்பேரு போட்டிருந்தார்கள். இரண்டு பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு வந்தபோது அவளுக்குக் கால் நிற்கவில்லை. முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இடது கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் தடித்திருந்தது. ஆனால் மூச்சு விசில் மாதிரி வந்தது. “அக்கா, தொண்டை அடைக்குது,” என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

நான் வேன் கண்ணாடியைக் கல்லால் அடிக்கப் போனேன். அதற்குப் பிறகுதான் தொரை திறந்தார். அவர் சீட்டில், லெட்சுமி தரையில், அவள் தலை என் மடியில். பேரின்பநாயகம் ஐயா முன்னால் ஏறினார். கீழே இருந்த தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வேனை விட்டோம்.

டிஸ்பென்சர் ஐயா சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்தார். நல்ல மனுசன், அதில் சந்தேகமில்லை. வேன் கதவு திறந்ததும் அவர் கண்ணில் பட்டது யார்? கன்னம் கிழிந்து தொங்க, ஒரு கண் அடைத்து, கழுத்தெல்லாம் இரத்தம் வழிகிற ஒரு வெள்ளைக்காரத் தொரை. டிஸ்பென்சர் ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. தோட்டத்தில் தொரைக்கு ஒன்று என்றால் மற்றதெல்லாம் அப்புறம்தான். அந்தப் பழக்கம் எங்கள் எல்லாருடைய எலும்பிலும் ஊறியது. இருந்த ஒரே கட்டிலில் தொரையைப் படுக்க வைத்தார். லெட்சுமியைச் சிமெண்டுத் தரையில் விட்டார்கள்.

“ஐயா, இவளப் பாருங்க, மூச்சு முட்டுது!” என்று கத்தினேன்.

“பொறும்மா. தொரை செத்துப் போனா நான் பதில் சொல்ல ஏலாது.”

“அவருக்கு ஒண்ணுமில்லீங்க. அது வேசம். நான் போட்ட வேசம்!”

“ஒனக்குப் பைத்தியமா? கண்ணு முன்னால சதை தொங்குது, வேசம்ங்கிற!”

தொரைக்குக் கையில் இரண்டு கொட்டு. பயத்தில் மேல்மூச்சு வாங்க, தான் சாகப் போவதாக அவரும் நம்பிவிட்டார். டாக்டர், டாக்டர் என்று டிஸ்பென்சர் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அலுமாரியில் மூச்சு முட்டுவதற்குப் போடும் ஊசி மருந்து ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வேண்டுமென்றால் பதுளையிலிருந்து வர வேண்டும். டிஸ்பென்சர் ஐயா அதை உடைத்து ஊசியில் ஏற்றினார். தொரையின் சட்டைக் கையைச் சுருட்டினார்.

லெட்சுமியின் உதடு நீலமாகியிருந்தது.

நான் கட்டிலுக்குப் பாய்ந்து தொரையின் இடது கன்னத்தில் விரலைக் கொடுத்தேன்.

“பொறு பிள்ளை, பொறு!” பேரின்பநாயகம் ஐயாவின் குரல். திரும்பிப் பார்த்தேன். மனுசன் புதுத் தாள் போட்ட கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்திருந்தார். “நான் இன்னும் படம் எடுக்கேல்லை. உதை அழிச்சா…”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவர் என்னைப் பார்த்தார். தரையில் கிடந்தவளைப் பார்த்தார். கேமரா மெல்லக் கீழே இறங்கியது. பையிலிருந்து அந்த மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“துடை பிள்ளை. கெதியாத் துடை.”

கன்னத்துச் சதையை ஒரே இழுப்பில் உரித்தேன். டிஸ்பென்சர் ஐயா “ஐயையோ!” என்று அலறிச் சுவரில் சாய்ந்துவிட்டார். வாசலில் நின்ற பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். தொரைகூடத் தன் கன்னம் போய்விட்டதென்று கத்தினார். மேசையில் இருந்த தேங்காயெண்ணெயை ஊற்றி, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தேன். இமையிலிருந்த பஞ்சு வந்தது, இரத்தம் வந்தது, பொடித் தேயிலைத் தாடியும் கையோடு வந்தது. உள்ளேயிருந்து குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை முகம் ஒன்று எட்டிப் பார்த்தது, கொழுகொழுவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல்.

டிஸ்பென்சர் ஐயா என் கையிலிருந்த மாவுச் சதையைப் பார்த்தார். அப்புறம் ஊசியோடு தரையில் மண்டியிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சாமியை அப்படி மிரட்டியதில்லை. பிறகு அந்த விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. லெட்சுமி ஒரு மூச்சு இழுத்தாள், இன்னொன்று இழுத்தாள். நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அதே வேனில் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். தொரையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தோம். நடந்து வரட்டும், காட்டில் வாழ்கிறவர்தானே.

அவள் பிழைத்தாள். ஆனால் ஒரு குளவி அவளுடைய இடது கண்ணிலேயே கொட்டியிருந்தது. வீக்கம் வற்றிய பிறகு அந்தக் கண்ணில் பால் ஊற்றிய மாதிரி ஒரு வெண்மை நின்றுவிட்டது. பார்வை திரும்பவில்லை. கண்ணுக்குக் கீழே அந்த மச்சம் மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். லெட்சுமி எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது காயத்தைப் பற்றி. இன்னும் மூன்று காட்சி பாக்கி, படமும் இல்லை, காயமும் இல்லை, யாரைக் கேட்டு அழித்தாய்? நான் ஐயாவைப் பார்த்தேன். “நான் சொல்லித்தான் அழிச்சவ,” என்றார் ஐயா, ஆங்கிலத்தில் அல்ல, தமிழில். பிறகு அதை ஒழுங்காக ஆங்கிலத்திலும் சொன்னார். அன்றே இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிக் காட்டைக் கொழும்பில் ஒரு பங்களாத் தோட்டத்தில் வைத்து எடுத்து முடித்ததாகக் கேள்விப்பட்டோம். குளவி கொட்டியதைப் பற்றித் தோட்டத்து ஆட்கள் போய்க் கேட்டதற்கு, படம் எடுத்த இடத்தில் ஆட்கள் யாரும் இருக்கவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். இருந்தது தெரியாமலிருக்கத்தானே குந்த வைத்தார்கள்.

பல மாதம் கழித்து, லெட்சுமி கண் கிளினிக்குக்கு வந்த ஒரு நாள். கிளினிக் முடிந்தால் என் கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அன்று பேரின்பநாயகம் ஐயாவும் வந்தார். கையில் குடை, தோளில் கேமரா, சட்டைப் பையில் ஒரு டிவிடி.

“பிள்ளை, இதைப் பார். மூண்டு நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை.”

கடை டிவியில் போட்டோம். எங்கள் கைவிட்ட மலை தெரிந்தது. காட்டுத்தொரை மூச்சு வாங்கிக்கொண்டு எதையோ சொன்னார்.

“என்னக்கா சொல்றாரு?” என்று லெட்சுமி கேட்டாள்.

“இந்தக் காட்டுல மனுச வாடையே இல்லையாம். கத்துனாலும் கேக்குறதுக்கு ஒரு உசுரு இல்லையாம்.”

“அப்புடியா?” என்றாள் அவள். “அந்தா அந்த மரத்தடியிலதான் நாங்க சாப்பாட்டுக்கு உக்காருவோம்.”

தொரை பாறையிலிருந்து விழுந்தார். என் காயம் வந்தது, இடது கன்னத்தில், எவ்வளவு அழகாக! அடுத்து அவர் தேனை நக்கும் காட்சி. அது கொழும்பில் எடுத்தது. கன்னத்தில் குங்குமம் கொட்டிய மாதிரி ஒரு காயம். அதுவும் வலது பக்கத்தில்.

“பாத்தியே?” ஐயா எழும்பியே விட்டார். “இடக் கன்னத்திலை இருந்தது வலக் கன்னத்துக்குப் போட்டுது! உலகம் முழுக்கப் பாக்குது, ஒருத்தனும் கேக்கேல்லை. அண்டைக்கு நான் ஒரேயொரு படம் எடுத்திருந்தா…”

பக்கத்தில் இருந்தவளின் கண்ணைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். லெட்சுமி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. “எங்க, மறுபடி போடுங்கக்கா,” என்றாள். நான் போட்டேன். நல்ல கண் டிவியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். இடது, பிறகு வலது. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே ஐயாவின் பக்கம் திரும்பி, அந்த வெள்ளைக் கண்ணை நேராகக் காட்டினாள்.

“என்னோடது எடம் மாறலைங்க ஐயா. வேணும்னா ஒரு படம் புடிச்சுக்கங்க.”